சட்டைப்பையும் டர்பைன் கூடமும்: பத்துக் கோடி பீங்கான் விதைகளின் கதை

2010 அக்டோபர் 12. லண்டனில் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்துக்குள் முதல் நாள் கூட்டம் நுழைகிறது. சாம்பல் நிறத்தில் சரளைக்கல்லைக் கொட்டி நிரவியதுபோல் இருக்கிறது தரை. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அத்தனையும் சூரியகாந்தி விதை. கறுப்புக் கோடுகூட அசலில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. பழக்கதோஷத்தில் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் பல்தான் போகும், ஒவ்வொன்றும் பீங்கான். ஜனங்கள் அதன்மேல் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், படுத்துப் புரண்டார்கள். குழந்தைகள் காலைப் புதைத்துக்கொண்டு விளையாடினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கயிறு கட்டியாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தூசி பறக்கிறது, இனி யாரும் மேலே நடக்க வேண்டாம் என்று அருங்காட்சியகம் அறிவித்தது.

சீனக் கலைஞர் அய் வெய்வெய்யின் இந்தப் படைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் ஆரம்பிப்பார்கள்: 10 கோடி விதை, 150 டன். எனக்கு அந்தக் கயிறுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கலைஞர் தன் சிறுவயது ஞாபகத்தை எடுத்துக்கொண்டு ஒரு நிறுவலை, அதாவது இடத்தையே நிரப்புகிற ஒரு கலைப்படைப்பைச் செய்கிறார். அந்த ஞாபகம் அதில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? உருவத்திலா, எண்ணிக்கையிலா, பார்க்க வருகிறவரின் கையிலா? கயிறு கட்டிய பிறகு எது மிஞ்சியது, எது காணாமல் போனது என்று பார்த்தால் இது ஓரளவு பிடிபடும்.

குழிக்குள் ஒரு வீடு

அய் வெய்வெய் 1957ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அப்பா அய் சிங், நவீன சீனக் கவிதையில் பெரிய பெயர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவுக்கு 'வலதுசாரி', அதாவது கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிரி என்று முத்திரை குத்தினார்கள். குடும்பம் முதலில் வடகிழக்கே ஹெய்லாங்ஜியாங்குக்கும், பிறகு மேற்குக் கோடியில் ஷின்ஜியாங்குக்கும் அனுப்பப்பட்டது. கலாச்சாரப் புரட்சியின்போது நிலைமை இன்னும் மோசம். பாலைவனத்தின் ஓரத்தில் 'சின்ன சைபீரியா' என்று பெயர் வாங்கிய ஓர் இடத்துக்கு ஓட்டினார்கள். நாடறிந்த கவிஞருக்கு அங்கே கிடைத்த வேலை, பொதுக் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்வது.

அங்கே அவர்கள் இருந்தது தரைக்கடியில் தோண்டிய குழியில். மேலே குச்சியும் மண்ணும் போட்டு மூடியிருக்கும். உள்ளே நுழைந்ததும் அப்பாவின் தலை கூரையில் இடித்து, நெற்றியில் ரத்தம் வந்ததை மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதற்கு அவர்கள் கண்ட வழி, தரையை இன்னும் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டியது. கூரையை 20 சென்டிமீட்டர் உயர்த்தியதற்கு அது சமம். கூரையைத் தூக்க முடியாதவன் தரையை இறக்கிக்கொள்கிறான். இந்த மனிதரின் படைப்புகள் எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த மண்வெட்டிதான் ஞாபகம் வரும்.

சரி, விதைக்கு வருவோம். கையில் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் யாரிடமும் இருந்த ஒரே தின்பண்டம் வறுத்த சூரியகாந்தி விதை. சட்டைப்பையில் ஒரு பிடி கிடக்கும். பேசிக்கொண்டே எடுத்து நீட்டுவார்கள். எதிரே இருப்பவரும் வாங்கிக் கொறிப்பார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கச் சொன்ன காலம் அது. அப்போதும் அள்ளிக் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று பையில் இருந்தது. வெய்வெய் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பக்கம், அதே விதையின் தாய்ச்செடி சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. பிரச்சாரச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன். மக்கள் அவரைப் பார்த்துத் திரும்புகிற சூரியகாந்திப் பூக்கள். ஆக, ஒரே செடியில் இரண்டு நினைவு. ஒன்று அண்ணாந்து பார்ப்பது, சுவரில் இருப்பது, எல்லாருக்கும் பொது. இன்னொன்று பைக்குள் இருப்பது. அதற்குக் கை வேண்டும், எதிரே ஒரு ஆள் வேண்டும். இந்தப் படைப்பு இரண்டையும் ஒரே கூடத்தில் வைக்கப் பார்த்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜிங்தெஜென்

விதைகளைச் செய்த ஊர் ஜிங்தெஜென், ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் பீங்கான் செய்கிற ஊர். மிங், சிங் அரச வம்சங்களின் காலத்து அரசவைச் சூளைகள் இங்கேதான் இருந்தன. பீங்கானுக்கு அடிப்படையான வெள்ளைக் களிமண்ணை உலகம் முழுக்கக் கயோலின் என்கிறோம் இல்லையா, அந்தப் பெயரே இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள காவ்லிங் என்ற இடத்திலிருந்து வந்ததுதான். சக்கரவர்த்திக்குக் கிண்ணம் செய்து கொடுத்த ஊரிடம் போய், தெருவில் கொறிக்கிற விதையைச் செய்யச் சொல்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. அதை நான் ரசிக்கிறேன்.

வேலையில் குறும்பு கிடையாது. கல்லை வெட்டி எடுத்து, இடித்துப் பொடியாக்கி, கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் விதை உருவம் எடுத்து, காயவைத்து, சூளையில் சுமார் 1,300 டிகிரி வரை சுட்டு, பிறகு ஒவ்வொரு விதைக்கும் தூரிகையால் கோடு போட்டு, மறுபடி சூளைக்கு அனுப்பி... மொத்தம் இருபது முப்பது படி. கோடு என்பது ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு இழுப்பு. பெரும்பாலும் பெண்கள் இதைச் செய்தார்கள். பட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர், வீட்டுக்கே எடுத்துப்போய் அடுப்பு வேலைக்கு நடுவில் சிலர். விதையை இடது கையின் இரண்டு விரலில் பிடி, கூர் முனையிலிருந்து அடி வரை இழு, திருப்பு, இழு, தட்டில் போடு, அடுத்ததை எடு.

சுமார் 1,600 பேர், இரண்டு வருடத்துக்கும் மேல். ஆளுக்குச் சராசரியாக 62,500 விதை. ஒரு விதை சுமார் ஒன்றரை கிராம். அசலைவிடப் பல மடங்கு கனம். ராத்திரி பகல் தூங்காமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினால்கூட, 10 கோடியை எண்ணி முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். செய்வதற்கு ஆனதைவிட எண்ணுவதற்கு அதிக நேரம்! ஆளாளுக்குக் கை வேறு என்பதால் கோடும் வேறு. ஒருத்தி அழுத்தி இழுப்பாள், ஒருத்தி பட்டும் படாமல் விடுவாள். அச்சு எல்லா விதையையும் ஒன்றாக்கியது, தூரிகை பிரித்துவிட்டது.

அப்போது எழுந்த ஒரு விமர்சனம், இது ஒருவருடைய ஞாபகம், உழைப்பு மட்டும் ஊராருடையது என்பது. பாதி நியாயம்தான். அந்த 1,600 பேரில் நடுவயதைத் தாண்டியவர்கள் எல்லாருமே அதே சுவரொட்டிகளைப் பார்த்தவர்கள், அதே விதையைக் கொறித்தவர்கள். கவிஞரின் மகனுக்கு மட்டும் சொந்தமான ஞாபகம் இல்லை அது. தவிர, எண்ணிக்கைக்குள் ஆளைத் தொலைத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு அந்த வருடங்களில் வேறு வழியிலும் இருந்தது. 2008ல் சிச்சுவான் பூகம்பத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து செத்த குழந்தைகளின் பெயர்களை அரசு வெளியிடவில்லை. இவர் தன்னார்வலர்களைத் திரட்டி வீடு வீடாக அனுப்பி, 5,000க்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்தார். ஊர்ப் பெண்கள் விதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த காலமும் அதையொட்டியதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்துக் கோடியிலும் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கை பட வேண்டும் என்ற பிடிவாதம் புரிகிறது. இயந்திரத்தில் அடித்துத் தள்ளியிருந்தால் எண்ணிக்கை வந்திருக்கும், அவ்வளவுதான்.

கூடத்தில்

டேட் மாடர்ன் கட்டடம் பழைய மின்நிலையம், அதன் டர்பைன்கள் இருந்த இடம்தான் இந்தக் கூடம். 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். இதற்குள் எதை வைத்தாலும் சின்னதாகிவிடும். ஒவ்வொரு வருடமும் ஒரு கலைஞரை அழைத்து இந்தக் கூடத்தை நிரப்பச் சொல்லும் வரிசையில் இது பதினோராவது. மற்றவர்கள் பலர் உயரத்தோடு மல்லுக்கட்டினார்கள். இவர் தரையோடு நின்றுவிட்டார்: சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு, 10 சென்டிமீட்டர் கனம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவருகிறது. அது 100 கன மீட்டர். இடைவெளிகளோடு குவிந்து கிடக்கும் பீங்கான் கன மீட்டருக்கு ஒன்றரை டன் அளவுக்கு இருக்கும். ஆக, 150 டன்.

10 சென்டிமீட்டர் என்பது முக்கியமான அளவு. கால் முழுசாகப் புதையாது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் உள்வாங்கும். ஆற்றுக் கூழாங்கல்மேல் நடக்கிற மாதிரி, தடுமாறாமல் இருக்கத் தரையைப் பார்த்து மெதுவாகத்தான் போக வேண்டும். சத்தமும் கூழாங்கல் சத்தம்தான், கொஞ்சம் மெல்லிசாக. நின்றால் குனியத் தோன்றும். குனிந்தால் அள்ளத் தோன்றும். அள்ளினால் சில்லென்று கனமாக ஒரு பிடி. அதில் ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். இந்த ஒரு வரிசையில்தான் சட்டைப்பை ஞாபகம் முழுசாக அடங்கியிருக்கிறது: கை, பிடி, நீட்டுவது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சீனாவில் காலே வைக்காத ஒருவரும் அந்த அசைவைத் தானாகவே செய்தார். சொந்த ஞாபகத்தை மற்றவர் உடம்புக்குள் கொண்டுபோவது என்றால் இதுதான். களிமண் கலையில் இவ்வளவு பெரிய அளவில் இது நடந்து நான் அறியேன்.

சில நாள்தான் நடந்தது.

தூசி

மண்பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சக்கரம் இல்லை, துடைப்பத்தைத் தொடாதே என்பதுதான். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. களிமண்ணிலும் பீங்கானிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள் நுரையீரலின் அடி வரை போய்ப் படிந்தால் திரும்பி வராது. வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் வரும். இங்கிலாந்தின் பழைய பீங்கான் ஆலைத் தொழிலாளர்கள் இதற்குப் பலியானவர்கள். 'பாட்டர்ஸ் ராட்', அதாவது குயவர் நோய் என்றே அங்கே அதற்குப் பெயர் இருந்தது.

இப்போது கூடத்தைப் பாருங்கள். இந்த விதைகளில் கண்ணாடிபோன்ற பளபளப்பு இல்லை. அசல் விதை மாதிரி மங்கலான பரப்பு. அதன்மேல் ஆயிரக்கணக்கான கால்கள். ஒரு கால் அழுத்தும்போது மேலே இருக்கும் விதை மட்டும் நகர்வதில்லை. 10 சென்டிமீட்டர் ஆழம் முழுக்க ஒன்றோடொன்று உரசுகிறது. ஒவ்வோர் அடியும் ஒரு சின்ன அரைப்பு. புரண்டு படுப்பவர்கள், காலால் வாரி இறைப்பவர்கள் எல்லாம் அதைப் பல மடங்காக்குகிறார்கள். நீண்ட நாள் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் உடல்நலத்துக்குக் கேடு என்று அருங்காட்சியகம் சொன்னதன் பொருள் இதுதான். அரை மணி நேரம் வந்துபோகிறவருக்கு அது பெரிய விஷயம் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கிற காவல் ஊழியர்தான் மாட்டிக்கொள்வார்.

அதனால் நடப்பதை நிறுத்தியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊழியரின் நுரையீரலைவிட எந்த நிறுவலும் பெரிசு இல்லை. ஆனால், பத்துக் கோடி பீங்கான் துண்டுகளின்மேல் ஜனங்களை நடக்கவிட்டால் தூசி வரும் என்பது பட்டறை வாசலில் நிற்பவருக்கும் தெரியும். இவ்வளவு வரும் என்று கணிக்காமல் கோட்டை விட்டதுதான் பிழை.

மாற்று வழி இருந்ததா? மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்திருந்தால் உரசல் குறைந்திருக்கலாம். ஆனால் பளபளவென்று பொத்தான் மாதிரி ஆகியிருக்கும். குனிந்து பார்க்கும்போது கிடைக்கிற அந்தத் திகைப்பு போயிருக்கும். தண்ணீர் தெளிப்பது, ஒரு நேரத்தில் பத்துப் பேரை மட்டும் விடுவது, ஒரு மூலையை மட்டும் திறந்துவைப்பது என்று எதையும் யோசிக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு. நடப்பதை நிறுத்தியிருக்கட்டும். ஓரத்தில் நிற்பவர் கையில் ஒரு பிடி விதையைக் கொடுத்து வாங்கியிருக்கலாம். சட்டைப்பைக்குக் காலா முக்கியம்?

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மிச்சமிருந்த ஆறு மாதத்துக்கும் மேலான நாட்களில் வந்தவர்கள் ஓரத்திலிருந்தும் மேலே உள்ள பாலத்திலிருந்தும் பார்த்தார்கள். தூரத்திலிருந்து அது வெறும் சாம்பல் பரப்பு. யாராவது சொன்னால்தான் விதை என்று தெரியும். எண்ணிக்கையைச் சொன்னால்தான் பிரமிப்பு வரும். சுவரொட்டி ஞாபகத்துக்கு இது ஒன்றும் நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் லாபம்கூட: முகமில்லாத கோடிக்கணக்கானவர்கள், ஒரே மாதிரி, ஒரே தரையில், ஒருவர் காலுக்குக் கீழே இன்னொருவர். அந்த அர்த்தம் பாலத்திலிருந்து பார்க்கும்போதுதான் நன்றாகத் தெரியும். சட்டைப்பை ஞாபகம்தான் வெளியே நின்றுவிட்டது.

பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் 'ஃபீல்ட்' வரிசையை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1993ல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் செய்தது அதில் ஒன்று. ஊர்க்காரர்கள் சுமார் 100 பேர் கைக்கு அடங்குகிற அளவில் 40,000 போல மண் உருவங்களைப் பிடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாக இரண்டு ஓட்டை. அறை முழுக்க அவற்றை நெருக்கி நிறுத்தி, வாசலோடு நம்மை மறித்துவிடுவார்கள். அங்கேயும் உள்ளே போக முடியாது, அங்கேயும் ஊரார் கை. ஆனால் மறிப்பது முதலிலிருந்தே திட்டத்தில் உண்டு. ஆயிரக்கணக்கான கண்கள் நம்மைப் பார்ப்பதால், தூரம் அங்கே வேலை செய்கிறது. விதைக்குக் கண் இல்லை. அது திருப்பிப் பார்க்காது. கையில் எடுத்தால் மட்டுமே பேசும்.

நேரெதிர் திசையில் பீங்கான் கலைஞர் கிளேர் டூமி 2006ல் ஒன்று செய்தார். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், பிரம்மாண்டமான வார்ப்புச் சிலைகள் நிற்கிற கூடத்தில், நீல நிறத்தில் 4,000 சின்னப் பறவைகளைப் பரப்பிவைத்தார். பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். சில மணி நேரத்தில் கூடம் காலி. படைப்பு என்று அங்கே எதுவும் மிஞ்சவில்லை. 4,000 வீடுகளின் அலமாரிக்குப் போய்விட்டது. அய் வெய்வெய்யின் விதைகளுக்கு நியாயமாகப் பொருந்துகிற முடிவு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அள்ளி நீட்டிய ஞாபகத்துக்கு, அள்ளி நீட்டுவதைவிடப் பொருத்தமானது எது? ஆனால் 150 டன்னையும் ஒரே படைப்பாகப் பார்த்த அருங்காட்சியகம் ஒரு விதையைக்கூட எடுக்கக் கூடாது என்றது.

அப்புறம் நடந்தது

கண்காட்சி முடிவதற்கு முன்பே, 2011 ஏப்ரல் 3 அன்று, பெய்ஜிங் விமான நிலையத்தில் அய் வெய்வெய்யைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 81 நாள் காவலில் இருந்தார். கூடத்தில் விதைகள் மே 2 வரை கிடந்தன, செய்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலையில். அவரை விடுவிக்கச் சொல்லும் பெரிய எழுத்துகளை டேட் மாடர்ன் தன் கட்டடத்தின் உச்சியில் வைத்தது. அந்த ஒரு மாதம் கூடத்துக்கு வந்தவர்கள் பார்த்தது வேறு படைப்பு என்றே சொல்லலாம். அப்பாவை அனுப்பிய அதே கை மகனையும் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தவர்களுக்குச் சுவரொட்டியின் பின்னணியை விளக்கத் தேவைப்பட்டிருக்காது.

அதற்குள் விதைக்குச் சந்தையும் வந்திருந்தது. 2011 பிப்ரவரியில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் இதே வகையில் 100 கிலோ விதை 3,49,250 பவுண்டுக்குப் போனது. டர்பைன் கூடத்து விதைகளில் சுமார் 80 லட்சத்தை டேட் 2012ல் தன் சேகரிப்புக்கு வாங்கியது. அதைக் காட்சிக்கு வைக்கும் விதங்களில் ஒன்று கூம்பு: களத்து மேட்டில் தானியம் குவித்த மாதிரி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக. அழகாகத்தான் இருக்கிறது. நடக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒரு விதையை உருவினாலும் சரியும் என்பதால் யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

கண்காட்சி திறந்த சமயத்தில், விதையை எடுத்துப்போகலாமா என்று வெய்வெய்யிடம் கேட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு அதற்கென்று விதிகள் இருக்கின்றன, ஆனால் நான் பார்வையாளனாக இருந்தால் எனக்கும் ஒரு விதையை எடுத்துப்போகத்தான் தோன்றும் என்று பதில் சொன்னார். அந்த முதல் சில நாட்களில் சிலர் அதைத்தான் செய்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஒன்றோ இரண்டோ எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்கள்.